முப்பத்தெட்டு

ஏ-ஒன்பது வீதியிலிருந்து பார்த்தால்
எங்கள் தொழிற்சாலை
வயலுக்குள் யாரோ மறந்துவிட்டுப் போன
நீலத் தகரப் பெட்டி.
உள்ளே பதினொரு லைன்.
ஏழாவது என்னுடையது:
இருபத்தெட்டு மெசின், இருபத்தெட்டுப் பிள்ளைகள்,
தலைக்கு மேலே ஒரு பலகை.
மணிக்கு அறுபது கை என்று பச்சையில் எழுதியிருக்கும்.
கை என்றால் சட்டைக் கை.

போன மாசியில்
கொழும்பிலிருந்து ஒருவர் வந்து
மேற்பார்வைக்காரர் பதினொரு பேரையும்
குளிரூட்டிய அறைக்குள் இருத்தி
உணர்ச்சி நுண்ணறிவு என்று திரையில் போட்டார்.
கோபம் வந்தால் பத்துவரை எண்ணச் சொன்னார்.
மத்தியானம் புரியாணி.
பின்னேரம் சான்றிதழ்.
அதில் என் பெயரில் ஒரு எழுத்தைக் காணவில்லை.

எண்ணுவதையா எனக்குச் சொல்லித்தர வேண்டும்?
நாள் முழுக்க அதைத்தானே செய்கிறேன்.

அடுத்த கிழமை ரேணுஜா
முப்பத்தெட்டில் நின்றாள்.
இடக்கைத் தையலை அவிழ்ப்பதும் தைப்பதும்
மறுபடி அவிழ்ப்பதுமாய்.
நான் பத்துவரை போகவில்லை.
மூன்றில் வெடித்தேன்.
"என்ன நித்திரையோ? வீட்ட போய்ப் படு!"

அவள் அழவில்லை.
"ஓம் மிஸ்" என்றாள்.
ஆனால் லைன் முழுவதும்
மிதியிலிருந்து காலை எடுத்தது, ஒரு கணம்.
இருபத்தெட்டு மெசினும் ஒன்றாய் நின்றால்
என்ன சத்தம் கேட்கும், தெரியுமா?
பக்கத்து லைனின் சத்தம்.

பின்னேரம் எல்லாரும் கணக்கைத் தொட்டார்கள்.
அறுபது. அறுபது. அறுபது.
ஒரு இடத்திலும் அறுபத்தொன்று இல்லை.
ஊசி ஏறிய விரலைக் காட்ட
ஒருத்தியும் என்னிடம் வரவில்லை,
தாங்களே வெட்டுத்துணி எடுத்துச் சுற்றிக்கொண்டார்கள்.

இரவு, விசுவமடுவில்,
மகன் சோதினைக்குப் படிக்கும் மேசையின்
மற்ற அரைவாசியில்
பதிவுப் புத்தகத்தை விரித்தேன்.
அவளுடைய பிழைகளை நிரல்படுத்தி
காலையில் மேலே கொடுக்கத்தான் விரித்தேன்,
பொய் சொல்லக்கூடாது.

திங்கள் அறுபத்திரண்டு. செவ்வாய் அறுபத்தைந்து.
புதன் ஐம்பத்தொன்று.
வியாழன் முப்பத்தெட்டு.
முதல் கிழமை வியாழன் நாற்பத்திரண்டு,
வெள்ளி அறுபத்துநாலு.
அதற்கு முதல் கிழமை வியாழன்
முப்பத்தொன்பது.

வியாழக்கிழமை.
எங்கள் ஒழுங்கையிலும்
வியாழக்கிழமைதான் வருகிறான்
ஹெல்மெற்றைக் கழற்றாமல்
படலையடியில் நின்று
கிழமைக் கடன் கேட்கிறவன்.
வாங்கினவள் வீட்டில் இல்லையென்றால்
தாயிடம் கேட்பான்,
அடுத்த வளவுக்கும் கேட்கும்படி.

நாலு மாதமாய் என் கையெழுத்திலேயே
எழுதியிருந்தது அவள் முகம்.
நான் அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும்
பார்த்திருக்கிறேன்.

அவளிடம் கேட்கவில்லை.
கேட்டால் "ஒண்டுமில்லை மிஸ்" என்பாள்.
கேட்டுவிட்டுத்தான் என்ன செய்ய?
என் காசும் வியாழக்கிழமைதான் போகிறது.

அடுத்த வியாழன்
அவளை நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பினேன்.
அங்கே மணிக்கணக்கு இல்லை,
ஒரு யன்னல் இருக்கிறது.
அவளுடைய மெசினில் நான் இருந்தேன்,
ஆறு வருசத்துக்குப் பிறகு.
முதல் மணி முடிய
இருபத்தொன்பது கை.

பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள்.
என்னைப் பார்த்தார்கள்.
மல்லாவிக்காரி டயானுசாவுக்கு
வாய் சும்மா கிடக்காது.
"என்ன மிஸ், நித்திரையோ?"

இருபத்தெட்டு மெசினும் நின்றன.
இந்த முறை பக்கத்து லைன்காரர்
எங்கள் சத்தத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முகாமையாளர் மேலேயிருந்து இறங்கி வந்தார்.
ஏன் குறைவு என்றார்.
"ஊசி பிழை சேர்" என்றேன்.
இருபத்தொன்பதுக்கு நேரே
என் பெயரை எழுதினேன்,
எழுத்துக் குறையாமல்.

ரேணுஜா ஒன்றும் சொல்லவில்லை.
கடன்காரன் இன்னும் வருகிறான்.
ஐந்தரை பஸ்ஸில் ஏறும்போது
என் தோளில் ஒட்டியிருந்த வெள்ளை நூலை
போகிறபோக்கில் எடுத்து
யன்னலால் ஊதிவிட்டாள்.